தாவணியில் எஸ்டர் வாசனை

போன மாதம் நம்மில் ஒருத்தியின் மகள் கல்யாணத்தில், பந்திக்கு இடம் கிடைக்காமல் ஏழு பேர் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு, சயின்ஸ் குரூப், தமிழ் மீடியம். முழங்கால் வலி, சர்க்கரை, மருமகன் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்து பள்ளிக்கூடத்தில் நின்றது. உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மானாம்பதியிலேருந்து ஒருத்தி வருவாளே, கெமிஸ்ட்ரியில கெட்டிக்காரி. பிராக்டிகலுக்கு முன்னாடி பத்து நாள் ஆளே காணோம். இன்னா ஆச்சு அப்போ அவளுக்கு?"

"அம்மை போட்டிருந்துச்சு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். அதற்குள் இடம் கிடைத்துவிட்டது, எழுந்து போய்ச் சாப்பிட்டோம்.

அவளுக்கு அம்மை போடவில்லை. இத்தனை வருஷமாக நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது பொய் என்று எனக்குத் தெரியும். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அதை நினைத்தேன், சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கதையில் உங்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொட்டு பங்கு உண்டு. அது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. என் பங்கு தெரிந்தே நடந்தது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எனக்கு அவள் ஜோடி. பன்னிரண்டு பேரை ஆறு ஜோடியாகப் பிரித்து மேஜைக்கு இரண்டு பேர் என்று கெமிஸ்ட்ரி மிஸ் நிறுத்தியபோது, மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேஜை எங்களுக்கு வந்தது. அன்றிலிருந்து நாம் எல்லோருமே, "உன் ஜோடி எங்க?" என்றுதான் கேட்போம்.

நம் லேப் ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூடாத ஜன்னல். மேஜைப் பலகை பூராவும் நமக்கு முந்தின வருஷத்துப் பிள்ளைகள் சிந்திய அமிலத்தில் கருகின வட்டங்கள். கேஸ் இல்லை, ஸ்பிரிட் விளக்குதான். அழுகின முட்டை நாற்றம் எடுக்கிற நாளில் பக்கத்து ஹிஸ்டரி வகுப்பிலிருந்து ஆள் வந்து கதவைச் சாத்தச் சொல்வார்கள். கையில் வெள்ளி நைட்ரேட் பட்ட இடம் மறுநாள் கறுத்துப்போய், ஒரு வாரம் போகாது. எனக்கு அது அசிங்கமாக இருக்கும், கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொள்வேன். ஜோடி அதை மறைத்ததே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போது அந்தக் கறுத்த விரல் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது போலப் பிடிப்பாளாம். அவளே சொன்னாள்.

அவள் வீட்டில் எல்லோரும் கூலி வேலை. நாற்று, களை, அறுப்பு, வேர்க்கடலை என்று பருவத்துக்கு ஒன்று. சனி ஞாயிறில் அவளும் போவாள். திங்கட்கிழமை வரும்போது உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும். அந்தக் கையில் பியூரெட் குழாயைப் பிடித்தால் மட்டும் எங்கிருந்து அவ்வளவு நிதானம் வருமோ தெரியாது. நாமெல்லாம் பெர்மாங்கனேட்டைத் திறந்துவிட்டு, குடுவை முழுக்கக் கத்திரிப்பூ நிறம் ஆன பிறகு, "ஐயோ, தாண்டிடுச்சு" என்போம். அவள் ஒவ்வொரு சொட்டாக விட்டு, நிறம் வந்ததா வரவில்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லிய ரோஸில் நிறுத்துவாள். குடுவையை வெள்ளைத் தாள் மேல் வைத்தால்தான் அந்த நிறம் தெரியும். மிஸ் நம் எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினார்கள்.

"கணக்குல தப்பு பண்ணா மார்க்கு வர்ற வரைக்கும் தெரியாது. இங்க தப்பு பண்ணா அங்கியே தெரிஞ்சிடுது. அதான் எனக்கு இது புடிக்குது" என்று ஒருதரம் சொன்னாள்.

சமநிலைப் பாடம் நடந்த அன்றைக்கு அவள் கேட்ட கேள்வியும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மீள்வினை நிற்பதே இல்லை, முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் நமக்கு நின்ற மாதிரி தெரிகிறது என்று மிஸ் சொல்லி முடித்தார்கள். ஜோடி எழுந்து, "அப்ப அதுக்கு ஓய்வே இல்லியா மிஸ்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள்.

காஞ்சிபுரத்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கு அப்படி ஓர் ஆசை கிடையாது. எங்கள் தெருவில் பத்தாவதுக்கு மேல் படித்த முதல் பெண் நான். அத்தா என்னைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கும்போதே, "பள்ளிக்கூடத்துலேருந்து உன்னைப் பத்தி ஒரு பேச்சு வந்தாலும் சரி, அன்னிக்கே வூட்ல உக்காந்துடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் ஒரு பேச்சும் வராமல் பார்த்துக்கொண்டேன். அது ஒன்றுதான் என் லட்சியம்.

உங்களுக்குத் தெரியும், பஜார் தெருவில் எங்கள் கடை. வளையல், ரிப்பன், பொட்டு, கண்ணாடி அலமாரியில் அத்தர். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. அத்தாவுக்கு மூக்கில் பெருமை. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து, இது மல்லி, இது மருக்கொழுந்து, இதில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாலாஜாபாத்திலிருந்துகூட ஆள் வந்து, வெளியூரில் வாங்கின அத்தர் அசலா என்று கேட்டுப் போவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

தை மாதக் கடைசி. வெளியே எங்கு பார்த்தாலும் அறுப்பு. அன்றைக்கு லேபில் கரிம அமிலத்துக்கான சோதனை. சோதனைக் குழாயில் கொஞ்சம் பென்சாயிக் அமிலம், மிஸ் பூட்டிவைத்த அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றின ஆல்கஹால், மேலே இரண்டு சொட்டு அடர் கந்தக அமிலம். வெந்நீரில் வைத்துச் சூடு காட்டி, பீங்கான் கிண்ணத்தில் இருக்கிற சோடாக் கரைசலில் ஊற்ற வேண்டும். நுரைத்து அடங்கியதும் எழும்பும் பாருங்கள் ஒரு வாசனை. ஆறு கிண்ணத்திலிருந்தும் ஒரே நேரத்தில். இரண்டு வருஷமாக முட்டை நாற்றமும் அமோனியா நெடியும் குடித்த அந்தக் கொட்டகை முழுக்கப் பழமும் பூவும் கலந்த மாதிரி ஒன்று. "இதுதாம்மா எஸ்டர்" என்றார்கள் மிஸ். நாம் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை.

கழுவி வைக்கச் சொல்லிவிட்டு மிஸ் ஆபீஸ் அறைக்குப் போனார்கள். அப்போதுதான் ஜோடி சொன்னாள், "இத்த போய்க் கொட்றதா? அடியில பாரு, எண்ணெ மாதிரி நிக்குது."

என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு காலி அத்தர் குப்பி இருந்தது. சுண்டுவிரல் நீளம், கண்ணாடி மூடி. அழகாக இருக்கிறதென்று அத்தாவைக் கேட்காமல் கடையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். ஜோடி சொட்டுக்குழாயை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தாள். "இரு, கொட்டாதே" என்று சொல்லி உங்கள் கிண்ணத்தின் அடியிலிருந்து அவள் உறிஞ்சி எடுத்தது இதற்காகத்தான். ஆறு கிண்ணமும் சேர்ந்து, குப்பியில் கால்வாசிகூட வரவில்லை.

எனக்கு விளையாட்டு புத்தி. மூடியைத் திறந்து, அதன் முனையால் அவள் தாவணி முந்தியில் இரண்டு இடத்தில் தடவினேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி கீற" என்றேன். அவள் முந்தியை மூக்கில் வைத்துக்கொண்டு, "நாமே செஞ்சது இல்ல?" என்றாள். அந்த முகத்தை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. நெற்றியில் வியர்வை, கன்னத்தில் கரி, இரண்டு கண்ணிலும் அப்படி ஒரு நிறைவு. அவள் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினாள். குப்பி என்னிடம் இருந்தது. அவளுடைய ரெகார்டு நோட்டும் என்னிடம்தான் இருந்தது. அவள் அன்றைய சோதனையை எழுதி முடித்ததும், படம் பார்த்து வரைய வாங்கி வைத்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானத் தொழுகை முடிந்து வந்து அத்தா கடையில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு திரை வரைக்கும் வந்தேன். கடைப்படிக்குக் கீழே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார். முழங்கால் வரைக்கும் வைக்கோல் தூசி. பஸ் ஸ்டாண்டில் ஒருதரம் பார்த்திருக்கிறேன், ஜோடியின் நைனா. அவளை விடவும் ஒல்லி.

"சொல்லுப்பா, இன்னா வேணும்?" என்றார் அத்தா.

"ஒண்ணும் வாங்க வர்ல பாய். ஒண்ணு கேக்கணும். வாசனையப் பத்தி உங்களைக் கேட்டா கரெக்டா சொல்லுவீங்கன்னு சொன்னாங்க."

செய்தித்தாளில் சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்தார். ஜோடியின் வெள்ளைத் தாவணி.

"இது இன்னா வாசனை பாய்?"

அத்தா வாங்கி மோந்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டத்தில் வைத்து மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சென்ட்டுப்பா."

"நல்லா பாத்து சொல்லுங்க. பூ, வாயப்பயம் எதனாச்சும் பட்டிருக்குமா?"

"பூ வாசனை வேற. இது கடைச் சரக்கு. நம்ம பக்கத்துல கிடைக்காது. சிட்டியில வாங்கியிருக்கணும்."

"நாங்க அதெல்லாம் வாங்கறவங்க இல்லியே."

"அப்ப யாரோ குடுத்திருக்காங்க" என்றார் அத்தா.

அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அதுவும் சரியாகவே சொன்னார். நாங்கள் செய்தது சென்ட்டில் சேர்க்கிற பொருள்தான் என்று பின்னால் கல்லூரியில் படித்தேன். அவர் மூக்கு தப்பு செய்யவில்லை. அதற்கு மேல் அவர் சேர்த்த ஒரு வாக்கியம்தான் தப்பு.

நைனா தாவணியை மறுபடி அதே தாளில் சுருட்டினார். சுருட்ட வெகுநேரம் ஆனது. "பஸ்ஸுல போய்ட்டு வர பொண்ணு" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல். "லேப்புல செஞ்சதுன்னு சொல்லிக்கினு கீது. பள்ளிக்கூடத்துல சென்ட்டு செய்வாங்களா பாய்?"

அத்தா சிரித்தார். "அங்க பாடம் நடத்துவாங்கப்பா. சென்ட்டு எங்க செய்யப் போறாங்க?"

நான் திரைக்குப் பின்னால் டீயை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு எட்டு முன்னால் வைத்து, "ஆமா, நாங்கதான் செஞ்சோம்" என்று சொல்ல வேண்டும். குப்பி என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அந்தக் குப்பி கடையிலிருந்து கேட்காமல் எடுத்தது. லேபில் மிஸ் இல்லாத நேரத்தில் சேர்த்தது. அதைவிட, பள்ளிக்கூடத்தில் நாங்கள் சென்ட்டு பூசி விளையாடினோம் என்பது ஒரு பேச்சு. எந்தப் பேச்சு வரக் கூடாதென்று இரண்டு வருஷம் பயந்தேனோ அந்தப் பேச்சு. நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது. அத்தா, "இன்னா இவ்ளோ நேரம்?" என்றார். சூடு பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன்.

திங்கட்கிழமை ஜோடி வரவில்லை. செவ்வாய் வரவில்லை. அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற பத்தாம் வகுப்புப் பெண், அம்மை போட்டிருக்கிறதாம் என்று சொன்னாள். வீட்டில் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்கள் போலும். மிஸ் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "அறுப்பு வந்தா இவங்கள்லாம் இப்படித்தான்" என்றார்கள். நல்ல மிஸ்தான், அவளை மெச்சியவர்தான். ஆனாலும் சொன்னார்கள். நாம் பதினோரு பேரும் அதைக் கேட்டோம், நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தோம்.

மேஜையில் நான் தனியாக நின்றேன். உப்பைக் கண்டுபிடிக்கிற சோதனையில் ஒன்றுகூட சரியாக வரவில்லை. ஒருத்தி பிடிக்க ஒருத்தி ஊற்ற என்றிருந்த பழக்கத்தில், கை பாட்டுக்கு இல்லாத ஆளிடம் சோதனைக் குழாயை நீட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குப்பியைத் திறந்து மோந்து பார்ப்பேன். வாசனை குறையவே இல்லை. மூடி வைத்துவிடுவேன். நாளைக்கு அவள் வந்துவிடுவாள், நான் சொல்லத் தேவையே இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் போனது.

அடுத்த திங்கட்கிழமை காலை மிஸ் ரெகார்டு நோட்டு எல்லாவற்றையும் கேட்டார்கள். புதன்கிழமைக்குள் கையெழுத்து வாங்காதவர்கள் பிராக்டிகலில் உட்கார முடியாது என்றார்கள். ஜோடியின் நோட்டை அன்றைக்குத்தான் எடுத்து விரித்தேன். கடைசிப் பக்கத்தில் அவளுடைய குண்டு குண்டான எழுத்து. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம். நடுக் கட்டத்தில், "இனிய பழ வாசனை வெளிப்பட்டது." அந்த வரிக்கு மட்டும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அத்தா கடையில் தனியாக இருந்தார். குப்பியை அவர் முன்னால் வைத்தேன்.

"அத்தா, இத்த மோந்து பாருங்க."

மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. "இது அன்னிக்கு அந்தாளு கொண்டாந்த தாவணியில இருந்தது. உன்கிட்ட எப்படி வந்துச்சு? யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. நாங்க செஞ்சோம். கிளாஸ்ல எல்லாருமா. அவ தாவணியில தடவினது நான்தான்."

நோட்டை விரித்துக் காட்டினேன். அத்தா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அமிலம் என்ற வார்த்தையில் நின்றார், மறுபடி மேலிருந்து படித்தார். அடிப்பார் என்று நினைத்து நின்றேன்.

"அந்தாளு வந்தன்னிக்கு நீ எங்க இருந்தே?"

"திரைக்குப் பின்னால."

கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வளையல் கொத்துகளை உள்ளே எடுத்து வைத்தார். பட்டப்பகலில் பெருநாளைத் தவிர வேறு எந்த நாளிலும் அவர் கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. மொபெட்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, "ஏறு. நோட்டை எடுத்துக்கோ" என்றார்.

மானாம்பதிக்கு விட்டார். ரோட்டில் கதிர் காயப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறாமல் மண்ணில் இறக்கி இறக்கி ஓட்டினார். ஊருக்கு வெளியே ஓலையும் ஓடும் கலந்த வரிசை வீடுகள். எங்களைப் பார்த்து ஜோடியின் அம்மா வெளியே வந்தாள். யாரோ ஓடிப்போய்க் களத்திலிருந்து நைனாவைக் கூட்டிவந்தார்கள். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூல் போட்டார்கள். அத்தா உட்காரவில்லை.

"நான் அன்னிக்கு உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேங்க" என்றார். கடையில் 'சொல்லுப்பா' என்றவர் இங்கே 'ங்க' போட்டார். "அது பள்ளிக்கூடத்துல செஞ்சதுதான். உங்க பொண்ணு உண்மையத்தான் சொல்லியிருக்கு. எம்பொண்ணும் கூடத்தான் செஞ்சிருக்கா. இந்தாங்க, இதுல எய்தியிருக்கு."

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. நோட்டை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்களேன்னுதான் பாய், அடிச்சேன்" என்றார். "அதுவரைக்கும் எம்பொண்ண நான் ஒரு அடி அடிச்சதில்ல."

ஜோடி வாசலில் வந்து நின்றாள். மஞ்சள் பழுத்த ஒரு காயம் முழங்கைக்கு மேலே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அத்தா அவள் பக்கம் திரும்பி, "மன்னிச்சுடும்மா" என்றார். என் வயசுப் பெண்ணிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் என் பக்கம் திரும்பினாள். என்னிடம் கேட்டாள்: "பிராக்டிகல் என்னிக்கு?"

அடுத்த வாரம் என்றேன். அவள் நைனாவைப் பார்த்தாள். நைனா உள்ளே போய்ப் பரண் மேல் கட்டிப் போட்டிருந்த புத்தகப் பையை இறக்கிக்கொண்டு வந்து, தூசியைத் துண்டால் தட்டி, அவள் கையில் கொடுத்தார்.

"பரீட்சை எய்தட்டும்" என்றார் அத்தாவிடம். "ஆனா அதுக்கு மேல இல்ல பாய். வாலாஜாபாத்துல அவ மாமனுக்குச் சொல்லு குடுத்துட்டேன். பதினெட்டு முடிஞ்சதும் கல்யாணம்."

"இப்பத்தான் விஷயம் தெரிஞ்சு போச்சே. நிறுத்திடலாமே. நான் வேணா வந்து அவங்ககிட்ட பேசறேன்."

"குடுத்த சொல்லு பாய்" என்றார் நைனா. அத்தா மொபெட்டைத் திருப்பினார். சொல்லை வைத்துத்தானே அவரும் கடை நடத்தினார்.

ஜோடி திரும்பி வந்த நாளில் நீங்கள் எல்லோரும், "உடம்பு தேவலையா? வடு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டீர்கள். அவள், "இல்ல" என்றாள். பிராக்டிகலில் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அவள் குடுவையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார். மிஸ் முகம் மலர்ந்தது. எனக்கு வந்த உப்பில் நான் தடுமாறியதைத் தூரத்திலிருந்து பார்த்தவள், தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அமோனியா என்று புரிந்துகொண்டேன். அப்போதுகூட எனக்கு உதவி செய்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளோடு நின்றேன். அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று பாக்கி இருந்தது. அத்தாவும் அன்றைக்கு அதை அவர்கள் வீட்டில் சொல்லவில்லை.

"உன் நைனா கடைக்கு வந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தேன். பயந்துட்டேன்."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சனிக்கெயமை" என்றாள்.

"ஆமா."

"நீங்க வூட்டுக்கு வந்தது திங்கக்கெயமை. அதுக்கு அடுத்த வாரத்து திங்க."

"ஆமா."

விரல் விட்டு எண்ணினாள். கணக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னாள், கோபமே இல்லை. "மாமா வூட்டுக்காரங்க வந்து தட்டு மாத்தினது ஞாயித்துக்கெயமை. நீங்க வர்றதுக்கு மொத நாளு."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "போய்ட்டு வரேன்" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அங்கேயே நின்றேன். அடுத்த பஸ்ஸும் போனது.

கெமிஸ்ட்ரியில் நம் எல்லோரையும் விட அவளுக்குத்தான் மார்க் அதிகம். ஆனி மாதத்தில் கல்யாணம் நடந்தது. அத்தா ஒரு பெட்டி நிறைய வளையல் கொடுத்தனுப்பினார், தானும் போனார். நான் போகவில்லை. அதற்குப் பிறகு யார் எந்த வாசனையைக் கொண்டுவந்து நீட்டினாலும் அத்தா, "எனக்குத் தெரியாதுங்க" என்றுவிடுவார். என்னைக் காஞ்சிபுரத்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் சேர்த்ததும் அவர்தான். நான் கேட்கவில்லை. அவராகவே போய் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அவள் கேட்ட படிப்பை நான் படித்தேன். வகுப்பில் யாராவது நல்ல கேள்வி கேட்டால், அந்தக் குரல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

கடைசி வருஷப் பரீட்சை முடிந்த கையோடு வாலாஜாபாத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு ரைஸ் மில்லில் வேலை என்று தெரியும். விசாரித்துக்கொண்டு போனேன். மில்லுக்குப் பின்னால் வரிசை வீடுகள். காற்றில் அவிந்த நெல்லின் வாசனை, வாசல் எங்கும் தவிடு மெல்லிசாகப் படிந்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அதே சொரசொரப்பான கை.

காபி போட்டுக் கொடுத்தாள். அத்தாவை விசாரித்தாள். உங்களையெல்லாம் ஒவ்வொருத்தராகக் கேட்டாள். பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ரொம்ப நாளாக வைத்திருந்த மாதிரி ஒன்று கேட்டாள்.

"பென்சீன் வளையத்துல மூணு ரெட்டைக் கோடு போடுவோமே. அது மாத்தி மாத்திப் போட்டாலும் சரின்னு மிஸ் சொன்னாங்க. அப்ப நெசமா அது எங்கதான் நிக்குது? காலேஜுல சொன்னாங்களா?"

நான் வாசல் தவிட்டில் விரலால் ஆறு மூலை வரைந்தேன். அது ஓர் இடத்தில் நிற்பதில்லை, வளையம் பூராவுக்கும் பொதுவாகப் பரவிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "நெனச்சேன்" என்றாள். அடுத்தது கேட்டாள். அதற்கடுத்தது கேட்டாள். மூன்று வருஷம் கிளாஸில் நான் மனப்பாடம் செய்த பாடத்தை அந்த வாசலில்தான் முதல்முறையாகப் புரிந்துகொண்டேன். தவிட்டில் இடமில்லாமல் அழித்து அழித்து எழுதினோம். மில் சங்கு ஊதியதும் எழுந்தாள். வீட்டுக்காரர் சாப்பிட வருகிற நேரம்.

"உன் காலேஜு நோட்டெல்லாம் வச்சிக்கினு இருக்கியா?"

"இருக்கு."

"அடுத்த தபா வரும்போது எத்துக்கினு வா. படிச்சிட்டுத் தரேன்."

கொண்டுவருகிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். மூன்று வருஷத்து நோட்டையும் தாள் தாளாக அடுக்கி, பிரிந்ததைத் தைத்து, பிரவுன் அட்டை போட்டு ஒரு பையில் வைத்தேன். பிறகு பி.எட்., பிறகு கல்யாணம், வேறு ஊர், பிள்ளைகள். இந்த லீவில் போகலாம், அடுத்த லீவில் போகலாம். ஆறு வருஷம் கழித்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது மில் இல்லை. அந்த வரிசை வீடுகளை இடித்து மனை போட்டிருந்தார்கள். ஒருவர் திருப்பூர் போய்விட்டார்கள் என்றார். இன்னொருவர், இல்லை, மெட்ராஸ் பக்கம்தான் எங்கேயோ என்றார். மானாம்பதியில் அவள் நைனா காலமாகிவிட்டிருந்தார். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

பை இப்போது என் வீட்டு அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. மூன்று வீடு மாறியாயிற்று, மூன்று முறையும் அதை என் கையிலேயே வைத்துக்கொண்டு லாரியில் ஏறினேன். வெள்ளையடிக்கிறபோதெல்லாம் மகள் அதை இறக்கி, "இது இன்னும் எதுக்கும்மா? பழைய பேப்பருக்குப் போட்டுடட்டுமா?" என்று கேட்பாள்.

அது என்னுடையது இல்லை, ஒருத்தி படிக்கக் கேட்டிருக்கிறாள் என்பேன். தூசி தட்டி, மறுபடி மேலே வைப்பேன்.